முட்டிக்கும் டப்பாவுக்கும் ஒரே எண்ணெய்

அக்கா இரண்டு வருஷமாக முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தது மருந்தா, விஷமா? இதைத் தெரிந்துகொள்ளக் காயில்காரர் பதினோரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினோரு நாளும் மனுஷன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சோற்றை இந்தப் பக்கம் ஒதுக்குவார், அந்தப் பக்கம் ஒதுக்குவார், கடைசியில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். அக்கா மட்டும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "உனக்கு என்னடா வந்துச்சு? தேய்ச்சது நான்தானே?" என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

காயில்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். தண்ணீர் பம்பு, மின்விசிறி, தையல் மெஷின் மோட்டார், எப்போதாவது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை, இதே பட்டறை. கம்பி சுற்றுகிறவன் சுற்றை எண்ண வேண்டும். நூற்று எழுபதாவது சுற்றில் எவனாவது வந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு, இவர் "நல்லா இருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தால் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிப் பழகிவிட்டார். அந்தப் பழக்கம் பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. "ம்", "சரி", "வெள்ளிக்கிழமை வாங்க" — ஒரு நாளைக்கு அவர் செலவழிக்கும் சொற்கள் இவ்வளவுதான். ஐம்பத்துநாலு வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் "அமையல" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவரிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கியதில்லை.

அக்கா அவரைவிட நாலு வயது மூத்தவள். அத்தான் போனபிறகு ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெரிய சலவைக்கூடம் ஒன்றில் விரிப்பு மடிக்கிற வேலை. காலை எட்டு மணிக்கு மேசைக்கு முன்னால் நின்றால் நாலு மணிவரை நின்றே இருக்க வேண்டும். வீடு இரண்டாம் மாடியில். இரும்புப் படி. ஒரு காலத்தில் அக்கா படியேறும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். ஒரு படி, ஒரு முனகல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு, முட்டிக்கு ஒரு திட்டு, பிறகு அடுத்த படி. இந்த இரண்டு வருஷமாக அந்தச் சத்தம் குறைந்துபோயிருந்தது. தம்பிக்கு அது உறைக்கவே இல்லை. அவருக்கு வேறு ஒன்று குறைவதுதான் பெரிய கவலையாக இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் அவருடைய சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவி, ஒரு டம்ளர் டீயோடு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே மேசைமேல் அவர் கையாலேயே கட்டிய ரேடியோ செட். அமெச்சூர் ரேடியோக்காரர் அவர், முறைப்படி பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர். ஜன்னல் வழியாக ஒரு கம்பி மொட்டைமாடிக்கு ஏறும், அதுதான் ஏரியல். ஆனால் பெரும்பாலான நாட்களில் செட்டை அந்தக் கம்பியில் மாட்ட மாட்டார். மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு தகர டப்பாவில் மாட்டுவார். பெயிண்ட் டப்பா. உள்ளே ஒரு ரெசிஸ்டர், அது முங்க எண்ணெய். இதற்கு டம்மி லோடு என்று பெயர். செட்டைச் சோதித்துப் பார்க்கும்போது அடுத்தவர் காதைக் கெடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நாம் பேசுவது வானத்துக்குப் போகாது, டப்பாவுக்குள் போய்ச் சூடாகிவிடும். அந்தச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் ரெசிஸ்டர் கருகிவிடும்.

சோதிக்கிறவன் என்ன பேசுவான்? "டெஸ்ட், ஒன்னு, ரெண்டு, மூணு." இவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். பகலெல்லாம் எண்ணிச் சலித்தவருக்கு அங்கேயும் எண்ணுவதா என்று தோன்றிவிட்டது போல. ஒருநாள் மூன்றுக்குப் பிறகு நாலு வரவில்லை. "இன்னைக்கு ஒரு பம்பு வந்துச்சு" என்று வந்தது. அந்தப் பம்புக்குள் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது, கூட்டைக் கலைக்க மனசில்லாமல் பம்பை அப்படியே வெயில் படாத மூலையில் வைத்துவிட்டார், இதையெல்லாம் யாரிடம் சொல்வது? டப்பாவிடம் சொன்னார். மறுநாள் பஸ்ஸில் பார்த்த ஒரு முகத்தைப் பற்றிச் சொன்னார். அதற்கு மறுநாள், சின்ன வயதில் தான் காணாமல்போன ஒரு மத்தியானத்தைப் பற்றி. ஏரியலில் மாட்டிப் பேசும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வாயிலிருந்து நாலு வாக்கியம் வந்தால் அதிசயம். டப்பாவில் மாட்டினால் அரைமணி நேரம் மடை திறந்துவிடும்.

பேசி முடித்ததும் செட்டை அணைத்துவிட்டுக் குனிந்து டப்பாவின்மேல் உள்ளங்கையை வைப்பார். வெதுவெதுவென்று இருக்கும். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வரும் நேரம். கீழே சந்தில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள். குருவியும் பஸ்ஸில் பார்த்த முகமும் அந்த மத்தியானமும் எண்ணெய்க்குள் கரைந்து கையில் சூடாகத் தட்டுப்படுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. இத்தனை வாட் உள்ளே போனால் இவ்வளவு சூடு வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவர்தான். இருந்தாலும் கையை எடுக்க மனசு வராது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவார்.

அவர் கவலை என்னவென்றால், அந்த எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. குச்சியில் பென்சிலால் கோடு போட்டு அளந்து பார்த்தார். பத்து நாளைக்கு ஒரு விரற்கடை குறைகிறது. டப்பா ஒழுகுகிறதோ என்று அடியில் வெள்ளைக் காகிதம் போட்டு வைத்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ஆவியாகிறதோ? அந்தச் சூட்டுக்கு அந்த எண்ணெய் ஆவியாகாது என்று தொழில் தெரிந்த அவருக்குத் தெரியும். அப்படியானால் எங்கே போகிறது? மனுஷன் மூளையைக் கசக்கிக் கசக்கி, கடைசியில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பேச்சுத்தான் எண்ணெயைக் குடிக்கிறது என்கிற முடிவுக்குப் பாதிவழி வந்துவிட்டார். குறைந்ததைப் பட்டறையிலிருந்த கேனிலிருந்து ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார். பல வருஷத்துக்கு முன் பழைய இரும்புக்காகக் கழித்துப்போட்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வடித்தெடுத்த எண்ணெய் அது. இரண்டு கேன் நிறைய. டம்மி லோடுக்கு அதைவிட நல்ல எண்ணெய் இல்லை என்று ரேடியோக்காரர்களே அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமான ரேடியோ நண்பர்கள் கூடும் நேரத்தில், ரொம்ப யோசித்து இந்தச் சந்தேகத்தைக் கேட்டுவிட்டார்.

"டம்மி லோடுல எண்ணெய் குறையுது. ஒழுகல. பத்து நாளைக்கு ஒரு விரற்கடை. ஓவர்."

"ரொம்பப் பேசுறீங்களோ என்னமோ! ஓவர்" என்றார் ஒருவர். இவரைப் போய்! ஆளாளுக்குச் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கும் டீச்சர் ஒருத்தியும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, என்ன எண்ணெய் ஊத்தியிருக்கீங்க? ஓவர்."

"பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், டீச்சர். நல்லாத் தெளிஞ்சது. ஓவர்."

"எவ்வளவு பழைய டிரான்ஸ்ஃபார்மர்? ஓவர்."

"எனக்கும் அதுக்கும் ஒரே வயசு இருக்கும். ஓவர்."

டீச்சர் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, இனிமே அதைக் கையால தொடாதீங்க. அந்தக் காலத்துல சில டிரான்ஸ்ஃபார்மர்கள்ல பி.சி.பி.ன்னு ஒரு சரக்கு இருந்துச்சு. சுலபத்துல தீப்பிடிக்காது, கெட்டுப்போகாதுன்னு ஊத்துனாங்க. உடம்புக்குள்ள போனாலும் அது கெட்டுப்போகாது, லேசுல வெளியேயும் போகாது. தோல் வழியாவே உள்ள இறங்கிடும். கொழுப்புல போய் உட்கார்ந்துக்கும். ஈரலக் கெடுக்கும், இன்னும் என்னென்னமோ பண்ணும். ஓவர்."

"தண்ணியில விட்டா மிதக்குது, டீச்சர். அந்தச் சரக்கு தண்ணியில மூழ்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஓவர்."

"சுத்தமா அதுவே இருந்தா மூழ்கும். சாதா எண்ணெய்ல கொஞ்சம் கலந்திருந்தா மிதக்கத்தான் செய்யும். பார்த்தோ மோந்தோ சொல்ல முடியாது, டெஸ்ட்தான் பண்ணணும். எனக்குத் தெரிஞ்ச லேப் இருக்கு. கையுறை போட்டுக்கிட்டு ஒரு சின்ன பாட்டில்ல எடுத்துக் கொடுங்க. மிச்சத்தச் சாக்கடையில ஊத்திடாதீங்க, எரிச்சிடாதீங்க. மூடி ஓரமா வைங்க. பயப்படாதீங்க, எல்லா டிரான்ஸ்ஃபார்மர்லயும் அது இருக்காது. ஓவர்."

செட்டை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் மடிக்காமல் அவளால் இருக்க முடியாது.

"அக்கா, அந்த டப்பாவுல இருக்கிற எண்ணெய, தப்பித்தவறிக்கூட, தொட்டுடாதே" என்றார். அவருக்கு இது பெரிய சொற்பொழிவு.

அக்காவின் கை நின்றது. "ஏன்?"

"விஷமா இருக்கலாமாம்."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"அதத்தான்டா நான் முட்டிக்குத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

காயில்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தம்பி குளிக்கப் போயிருந்தபோது பின்னறையைக் கூட்டப் போனாள். துடைப்பத்தோடு குனிந்தவளுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தாங்கிக்கொள்ள டப்பாவின்மேல் கையை ஊன்றினாள், இதமாகச் சுட்டது. மூடியைத் திறந்து பார்த்தாள். வெதுவெதுப்பான எண்ணெய், வாசனைகூட இல்லை. கடவுளே கொண்டுவந்து வைத்தமாதிரி இருந்தது. அன்றைக்கு ஒரு கரண்டி. மறுநாளும் ஒரு கரண்டி. தம்பியிடம் கேட்டால் "ம்" என்பானா, கூடாது என்பானா என்று தெரியாமல், கேட்காமலேயே எடுக்கப் பழகிக்கொண்டாள்.

"திருடிட்டேன்தான்" என்றாள். "ஆனா எப்படிக் கேட்டுச்சு தெரியுமா முட்டி! டாக்டர் கொடுத்த களிம்பெல்லாம் கிட்ட நிக்க முடியாது. நீ நிறையப் பேசின அன்னைக்கு இன்னும் நல்லா இருக்கும்."

"நீ... கேட்பியா? நான் பேசுறத?"

"கதவு சாத்தியிருக்குமே, வார்த்தை புரியாது. முணுமுணுன்னு வரும். உனக்குள்ளேயும் இவ்வளவு பேச்சு இருக்கேன்னு நினைச்சுக்குவேன்."

எண்ணெயைக் கொண்டுவந்தவர் அவர். குறையக் குறைய ஊற்றி நிரப்பியவர் அவர். அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது. மறுநாளே கையுறை போட்டுக்கொண்டு சின்ன பாட்டிலில் எண்ணெய் எடுத்து டீச்சரிடம் சேர்த்தார். டப்பாவையும் இரண்டு கேனையும் இறுக்கி மூடி, "தொடாதே" என்று பெரிதாக எழுதி ஒட்டி, பட்டறையின் பூட்டிய அலமாரியில் வைத்தார். முடிவு வர நாளாகும் என்றாள் டீச்சர்.

மூன்றாம் நாள் படியில் பழைய சத்தம் திரும்பிவிட்டது. ஒரு படி, ஒரு முனகல். முன்பு காதில் விழாதது இப்போது அவர் நெஞ்சில் போய் விழுந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள், களிம்பு தடவிப் பார்த்தாள். "அந்தச் சூடு வேற, இது வேற" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அன்றைக்குத்தான் காயில்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். டம்மி லோடுக்குப் புது எண்ணெய் போட்டாக வேண்டும். எந்த எண்ணெய் என்று தேர்ந்தெடுக்க ரேடியோக்காரர்கள் ஆயிரம் பார்ப்பார்கள்: எவ்வளவு சூட்டில் தீப்பிடிக்கும், மின்சாரத்தை விடுமா, எவ்வளவு கெட்டி. அவரும் பார்த்தார். ஆனால் அவருக்கு முதல் கேள்வி வேறு. அக்கா ஒரு கரண்டி எடுத்து முட்டியில் தேய்த்தால் ஒன்றும் ஆகக்கூடாது. இந்தக் கேள்வியில் தேறாத எண்ணெய் வீட்டுப் படியே ஏறக்கூடாது.

ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் ஊற்றி, அடியில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிப் பார்த்தார். அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். சமையல் எண்ணெய் முதலில் வந்தது. "பசிக்குதுடா" என்றாள் அக்கா. அது நாளானால் சிக்குப்பிடித்துப் பிசினாகிவிடும், நாற்றமும் எடுக்கும் என்று அவரே தள்ளிவிட்டார். விளக்கெண்ணெய் கூழாக நின்றது, சூடு ஓரிடத்தை விட்டு நகரவே இல்லை. "உன்னை மாதிரியே இருக்கு, அசையமாட்டேங்குது" என்று அதற்கும் தீர்ப்பு. இஞ்சின் ஆயில் டப்பாவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள், "லாரிக்கு முட்டிவலி வந்தா போடு" என்றாள். கடைசியாகக் கடையில் சீல் பிரிக்காத புது டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய். இதில் அந்தச் சரக்கு கிடையாது, லோடுக்கு இதுவே நல்லது, டீச்சரும் சரி என்றாள். அவர் தகரத்தைத் திருப்பிப் பொடி எழுத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். அடிக்கடி தோலில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. படித்த கையோடு கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அப்ப மருந்துக்கடைதான், அண்ணா" என்றாள் டீச்சர். "லிக்விட் பாரஃபின். சுத்தம் பண்ணின மினரல் எண்ணெய், தண்ணி மாதிரி இருக்கும். தோலுக்கே போடுறது. ஆனா ஒன்னு, எந்த எண்ணெயா இருந்தாலும் ரொம்பக் காய்ஞ்சா பத்திக்கும். மூடியில ஆவி போக ஓட்டை போடுங்க, கை பொறுக்கிற சூட்டோட நிறுத்துங்க."

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். தன் முறை வந்ததும், "லிக்விட் பாரஃபின். நாலு லிட்டர்" என்றார் காயில்காரர்.

மருந்துக்கடைக்காரர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். மலச்சிக்கலுக்கு இரண்டு ஸ்பூன் கொடுக்கிற மருந்து அது.

"எத்தனை நாளாச்சு?" என்று பரிவோடு கேட்டார்.

"என்ன?"

"வெளியே போயி."

வரிசையில் நின்ற மொத்தக் கூட்டமும் காதைத் தீட்டிக்கொண்டது. டம்மி லோடு, ரெசிஸ்டர், முட்டி, எதிலிருந்து ஆரம்பிப்பது? "எனக்கில்ல" என்றார்.

"அப்ப யாருக்கு?"

"டப்பாவுக்கு."

மருந்துக்கடைக்காரர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இருந்த பாட்டில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று நீட்டினார். இதை வீட்டில் வந்து சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது. தான் ஒரு முழுச் சம்பவத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு மனுஷிக்குச் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்குக் குளிக்கும்போதுதான் உறைத்தது.

புது டப்பா, புது ரெசிஸ்டர், மூடியில் ஓட்டை. எண்ணெயை ஊற்றினால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் அடிவரை தெரிந்தது. அன்று சாயங்காலம் கதவைச் சாத்தப் போனவர், அக்கா கரண்டியோடு உள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இனிமே எதுக்குடா ஒளிவு மறைவு? நீ பேசு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

பேச வரவேண்டுமே. மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். பட்டறையில் அன்றைக்கு நடந்தது நிறைய இருந்தது. ஆனால் அக்காவின் முட்டியைப் பார்த்ததும் "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தார். இருநூற்றுப் பதினாறு வரை போனார். அதற்கும் எண்ணெய் சூடாகத்தான் செய்தது. அக்கா ஒரு கரண்டி எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் பாடம் கேட்ட எண்ணெய்க்கு முட்டி மசியமாட்டேங்குதே" என்றாள்.

பதினோராம் நாள் மத்தியானம் பட்டறைக்கு டீச்சரின் போன் வந்தது. கையில் கம்பி, எண்பத்துமூன்றாவது சுற்று. கம்பியை விட்டுவிட்டார்.

"இருக்கு, அண்ணா. நிறைய இல்ல. ஆனா இருக்கலாம்னு விடுற அளவுக்கு மேல இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில சொன்னா ரத்தம் எடுத்து அனுப்புவாங்க. அக்காவக் கூட்டிட்டுப் போங்க."

பட்டறையைப் பூட்டிக்கொண்டு நடந்தார். பஸ் ஏறத் தோன்றவில்லை. வெயில் தாழ்ந்து தெரு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. கடைகளும் முகங்களும் எண்ணெய்க்கு அடியில் இருப்பவைபோல அசைந்து அசைந்து போயின. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாகக் கட்டிப் பார்த்தார், ஒவ்வொன்றும் பாதியிலேயே அவிழ்ந்தது. வீட்டுக்கு வந்ததும் கால் பழக்கதோஷத்தில் பின்னறைக்குத்தான் போனது. செட்டைப் போட்டு மைக்கைக் கையில் எடுத்தார். டப்பாவிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும். ஆனால் இது டப்பாவுக்கு வந்த செய்தி இல்லையே. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அக்கா வேலையிலிருந்து வரும்வரை படி உச்சியில் போய் உட்கார்ந்திருந்தார். அவள் முனகி முனகி மேலே வந்து சேர்ந்ததும், அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இருக்காம்க்கா. நான்தான் கொண்டுவந்தேன். நான்தான் ஊத்தி ஊத்தி நிரப்பினேன். உனக்கு எதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அதற்குமேல் முடியவில்லை. ஐம்பத்துநாலு வயது மனுஷன் படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார்.

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அறிவு கெட்டவனே" என்றாள். "நான் ரெண்டு வருஷமா ஒரு கரண்டி. நீ? அந்த மாதிரி பழைய டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை பிரிச்சிருப்பே? எத்தனை நாள் முழங்கை வரைக்கும் அந்த எண்ணெய்ல விட்டுட்டு, அந்தக் கையோட வந்து சோத்தப் பிசைஞ்சிருப்பே? பதினோரு நாளா நான் என் முட்டிய நினைச்சா இருந்தேன்?"

அவர் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். சத்தியமாக, இந்தப் பதினோரு நாளில் ஒருமுறைகூட அவருக்கு அது தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் "யாருக்கு?" என்று கேட்டதும், "எங்க அக்காவுக்கு" என்றார் அவர். "ரெண்டு பேருக்கும்" என்று சொல்லி, அக்கா அவர் சட்டைக் கையைத் தானே மடக்கிவிட்டாள். ரத்தம் வேறு ஊருக்குப் போய் முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. டாக்டர் இரண்டு காகிதத்தையும் மேசைமேல் வைத்தார். காயில்காரர் அக்காவின் காகிதத்தை எடுத்தார், அக்கா அவருடையதை எடுத்தாள். அவரவர் காகிதத்தைத் தேடி யாரும் எடுக்கவில்லை.

அக்காவுடையதில் எண் சின்னதாக இருந்தது, அநேகமாக ஒன்றுமே இல்லை என்றார் டாக்டர். காயில்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. நெஞ்சு நிறைந்துபோய், "அக்கா, உனக்கு ஒன்னுமில்ல! ஒன்னுமே இல்ல!" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அக்காவின் கையிலிருந்த காகிதத்தில் எண் பெரிதாக இருந்தது.

"உள்ள போனத எடுக்க மருந்து கிடையாது" என்றார் டாக்டர். "ஆனா ஈரல் இப்போதைக்கு நல்லா இருக்கு. இனிமே சேராமப் பார்த்துக்கணும். வருஷத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும். பயந்துக்கிட்டே இருக்கிறதுக்கு இது அவ்வளவு பெருசில்ல. விளையாட்டா விட்டுடறதுக்கு அவ்வளவு சின்னதும் இல்ல."

வெளித் தாழ்வாரத்தில் அக்கா பையைத் திறந்து, சலவைக்கூடத்தில் கொதிநீரில் கைவிடும்போது போட்டுக்கொள்ளும் நீளமான ரப்பர் கையுறை ஒன்றை எடுத்தாள். புதுசு. காகிதம் வருவதற்கு முன்பே வாங்கிப் பையில் போட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. அதை அவர் கையில் திணித்தாள்.

"நாளையிலேர்ந்து இது இல்லாம எதையும் பிரிக்கக் கூடாது. ஒருநாள் போடலன்னாலும் முட்டியோட பட்டறைக்கே வந்து நிப்பேன்."

"சரிக்கா."

"சரின்னு ஒத்த வார்த்தையில முடிக்காதே." என்றாள் அக்கா. "எனக்குன்னு நீ ஒருத்தன்தான்டா இருக்கே. உன் குரல அந்தச் சனியன் பிடிச்ச கதவுக்கு வெளியே நின்னே கேட்டுட்டேன் இத்தனை வருஷம். இனி இருக்கிற வருஷமாவது எனக்கு நேர்ல வேணும்."

அவர் கையுறையைப் பிடித்தபடி நின்றார். தாழ்வாரத்தில் ஆட்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். பஸ் நிறுத்தம் கொஞ்ச தூரம், அக்காவின் முட்டிக்கு நிறைய தூரம். அவர் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைத் தன் கைக்குள் கோர்த்துக்கொண்டார்.

"நேத்து பட்டறைக்கு ஒருத்தர் ஒரு மின்விசிறிய எடுத்துக்கிட்டு வந்தாருக்கா" என்று ஆரம்பித்தார். "ஓடலன்னு சொன்னாரு. பிரிச்சுப் பார்த்தா..."

அக்கா அடுத்த அடியை எடுத்து வைத்தாள். "ம்," என்றாள், "சொல்லு."